வீரனின் இடுப்பெலும்பு

“வாள் வச்சிருந்தா ஆம்பளையா அங்கிள்? அப்ப எங்க வீட்ல கரண்டி புடிக்கற சந்தானம் யாரு?”

வேலுமணி வெடுக்கென்று கேட்டது ராமசுப்ரமணியனை. நாற்பது வருஷம் எலும்பு டாக்டராக இருந்து ரிட்டயரானவர். நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் வீடு. வேலுமணி வேலை பார்க்கும் பல்கலைக்கழக மியூசியத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கக் காசு கொடுத்திருந்தார். கூடவே ஒரு பித்தளைத் தகடும் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். மேலே கடுகளவு எழுத்தில் ‘வீரனும் மனைவியும்’. கீழே ‘உபயம்: டாக்டர் ராமசுப்ரமணியன் – மீனாக்ஷி’, பூசணிக்காய் அளவு. கோயில் டியூப்லைட்டில் பேரெழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஜனம்தானே நாம்.

வேலுமணி ஈரோட்டுக்காரி. டெக்சஸ் ரவுண்ட் ராக்கில் சாஃப்ட்வேர் வேலைக்கு அவள்தான் வந்தாள். புருஷன் சந்தானம் அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவன். பார்ட்டியில் யாராவது “எந்த கம்பெனி?” என்று கேட்டால், “ரசம் டிபார்ட்மென்ட்” என்பான். தமிழ்ச் சங்கப் புத்தகத்திலோ இரண்டு தடவை திருத்திக் கொடுத்தும் அவன் இன்ஜினியர், அவள் இல்லத்தரசி.

கிரீன் கார்டு வந்ததும் வேலுமணி வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு நியூ ஜெர்சிக்கு வந்து தொல்லியல் படித்தாள். அந்தக் காலத்தில் ஆணும் பெண்ணும் எப்படி வாழ்ந்தார்கள், யார் யாரோடு படுத்தார்கள் என்று எலும்பையும் சட்டிபானையையும் வைத்துப் பார்க்கிற படிப்பு. “இதுக்கா அமெரிக்கா போனே?” என்று நாத்தனார் கேட்டாள். “ஊர்ல படிச்சா நீங்க அடிப்பீங்களே” என்றாள் இவள்.

அந்தப் பெட்டிக்குள் போகவேண்டியவர்கள் இரண்டு பேர். தொண்ணூறு வருஷம் முன்னால் மத்தியதரைக் கடல் பக்கம் ஒரே குழியில் எலும்புக்கூடாகக் கிடைத்த ஆதிகாலத்து ஆட்கள். ஒருவர் கை மற்றவர் கழுத்துக்கு அடியில். ஒருவர் பக்கத்தில் வாள். தோண்டியவன் வாளைப் பார்த்து ‘வீரன்’ என்று எழுதினான், மிச்சமிருந்ததை ‘மனைவி’ என்று எழுதினான். எலும்பை யாரும் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக உட்கார்ந்து அளந்தவள் வேலுமணி. வெள்ளிக்கிழமை திறப்பு. தகட்டை அப்படியே முடுக்கினால் அவள் உழைப்பு அதற்கடியில் போகும். அங்கிள் கோபித்துக்கொண்டு காசைத் திருப்பிக் கேட்டால் எலும்புகள் பழையபடி பேஸ்மென்ட்டுக்குப் போகும்.

“தகடு அடிச்சாச்சும்மா. சம்பந்தி வீட்டையெல்லாம் இன்வைட் பண்ணியாச்சு.”

“தகட்டை விடுங்க அங்கிள். இதைப் புடிங்க.”

வாள்காரரின் இடுப்பெலும்பைக் கையில் கொடுத்தாள். வாய் ஒத்துக்கொள்ளுமுன் கை ஒத்துக்கொண்டது. பெருவிரல் தானாக எலும்பின் வளைவில் போய் உட்கார்ந்து அகலம் பார்த்தது.

“பொம்பளை” என்றார். அடுத்ததையும் வாங்கிப் பார்த்தார். “இதுவும்.” இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, “அக்கா தங்கச்சியா இருக்கும்.”

“டி.என்.ஏ. பாத்தாச்சு. ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

“அப்ப தோழிங்க.”

“இருக்கலாம். ஜோடியாவும் இருக்கலாம்.”

“அதுக்கு என்னம்மா ப்ரூஃப்?”

“புருஷன் பொண்டாட்டின்னு தகடு அடிச்சப்ப ப்ரூஃப் கேட்டீங்களா அங்கிள்?”

அவருக்குக் கோபம் வந்தது. “பெட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் காசை கேன்சல் பண்றேன்.”

கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மீனாக்ஷி ஆன்ட்டி தகட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏங்க, நம்ம ரெண்டு பேரையும் பக்கத்து பக்கத்துல போட்டிருக்கீங்களே, இதுக்கு என்ன ப்ரூஃப்? பதினஞ்சு வருஷமா தனித்தனி ரூம். நாளைக்கு இந்தத் தகட்டைத் தோண்டி எடுக்கறவன் விவரமானவனா இருந்தா அண்ணன் தங்கச்சின்னுதான் எழுதுவான்.”

“கொறட்டை விடறது நீ” என்று முனகினார் டாக்டர். முகம் சிவந்திருந்தது. எலும்பை மட்டும் கீழே வைக்கவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னதான் எழுதணுங்கறே?” என்று வேலுமணியைக் கேட்டார்.

“‘ஒரே குழியில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் கை இன்னொருத்தியின் கழுத்தடியில்.’ அவ்வளவுதான். நமக்குத் தெரிஞ்சது அதுதான்.”

“உபயம்?”

“பெருசாவே போட்டுக்கங்க.”

“ரெண்டாவது தகட்டுக்கு நான் காசு தரமாட்டேன்.”

மறுநாள் வேலுமணியை எடிசன் ஊர் இந்தியக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனான் சந்தானம். எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருகிற கடை அது. எழுத்துக்கு இவ்வளவு, பெரிய எழுத்துக்கு மூன்று மடங்கு என்று கணக்கு. இரண்டு பெண்களையும்விட டாக்டரின் பேருக்குத்தான் ஜாஸ்தி ஆனது. தகடு, கூலி, டாக்ஸ் எல்லாம் சேர்த்து நாற்பத்தேழு டாலர் இருபது சென்ட், வேலுமணி கணக்கில்.