எட்டாவது பாட்டுக்காக ரொறன்ரோவுக்கு

வியாழக்கிழமை, பிற்பகல் 3.40. ரொறன்ரோவில் இறங்கினோம். பலேர்மோவிலிருந்து ரோம் வழியாக, காத்திருந்த நேரத்தையும் சேர்த்துப் பதினாறு மணித்தியாலம். இரண்டு பெட்டிகள், மகளின் கிற்றார், என் கைப்பையில் இத்தாலியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒரு படிவம். ஒக்டோபர் நடுப்பகுதி. வெளியே எட்டுப் பாகைக் குளிர். காலையில் நாங்கள் புறப்பட்டபோது பலேர்மோவில் பத்தொன்பது.

வந்த காரணத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் மகள் நிரோஜா பலேர்மோவில் பிறந்தவள். இத்தாலிய மொழியில் தானே பாட்டெழுதி, கிற்றார் வாசித்துப் பாடுகிறாள். முணுமுணுப்பாகத் தொடங்கி, முடியும்போது ட்ரம்ஸும் மின்கிற்றாரும் சுவரை அதிரவைக்கும் றொக் வகை. ஒன்பது பாட்டுகள் கொண்ட முதல் அல்பம் தயாராகிவிட்டது. எட்டாவது பாட்டின் நடுவில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட, பத்தொன்பது செக்கன்கள் ஒரு பெண் தமிழில் பேசுவாள். அது என் மனைவி ஜெயாவின் அக்கா றீற்றாவின் குரல்.

ஜெயா ஆஸ்பத்திரியில் இருந்த ஏழு மாதமும் றீற்றா அக்கா இந்த நகரத்தில் வேலைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றபடி, காலை 5.20க்கு ஒரு குரல்செய்தி அனுப்புவார். எங்களுக்கு அப்போது 11.20. ஜெயா போய் மூன்று வருடம். அவளுடைய போனிலிருந்து மகள் ஒரு செய்தியை எடுத்துப் பாட்டில் வைத்துவிட்டாள். பெரியம்மாவிடம் கேட்கவில்லை. குரலுக்கு உரியவர் கையெழுத்திடாவிட்டால் அந்தப் பாட்டு அல்பத்தில் இராது என்று வெளியீட்டாளர் சொல்லிவிட்டார். போனில் கேட்கிற விஷயமல்ல என்று நான்தான் ரிக்கற் எடுத்தேன்.

அக்கா இருக்கும் வெக்ஸ்போர்ட்டுக்கு ரக்சியில் 32 கிலோமீற்றர், நெரிசலில் ஒரு மணி ஐந்து நிமிடம், 84 டொலர். சாரதி யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர்.

“பிள்ளை இத்தாலியிலை என்ன செய்யுது?”

“பாடுறா,” என்றேன்.

“அது சரி. வேலை?”

“அதுதான் வேலை, அங்கிள்,” என்றாள் மகள்.

“ஓம், ஓம். என்ர மகனும் உப்பிடித்தான் சொன்னவன். இப்ப பிறம்ரனிலை ட்ரக் ஓடுறான். ட்ரக்குக்குள்ளை நல்லாப் பாடுறானாம்.”

ஆறாம் மாடியில் கதவைத் திறந்த றீற்றா அக்கா, “இத்தாலிக்காரர் வருகினமெண்டு லசானியா செய்தனான்,” என்றார். நாங்கள் வழியெல்லாம் புட்டை நினைத்துக்கொண்டு வந்திருந்தோம். லசானியாவில் கறித்தூள் போட்டிருந்தார். நன்றாகவே இருந்தது. சாப்பாடு முடியுமுன்னரே நான் படிவத்தை எடுத்து, விஷயத்தைச் சொல்லி, பேனையையும் பக்கத்தில் வைத்தேன். “நாளைக்குக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்,” என்றார்.

வெள்ளிக்கிழமை, காலை 10.15. மகள் மடிக்கணினியில் எட்டாவது பாட்டைப் போட்டாள். அக்கா மடியில் கைகளை வைத்தபடி இருந்தார். கிற்றார் நின்றது. பஸ் தரிப்பிடத்துக் காற்று, பிறகு அவருடைய குரல்: “ஜெயா, நேற்று நீ ஒண்டும் சாப்பிடேல்லையாம். கொஞ்சக் கஞ்சியெண்டாலும் குடி ராசாத்தி. பேப்பர் அலுவல் முடியப்போகுது. நான் கெதியிலை வருவன்.”

பாட்டு முடிந்ததும் அக்கா சொன்னார்: “நல்ல பாட்டு. ஆனா நான் சைன் வைக்கமாட்டன், பிள்ளை.”

“ஏன் பெரியம்மா?”

“என்ர அகதிக் கேஸ் அப்ப முடியேல்லை. நாட்டை விட்டு அசையேலாது. கெதியிலை வருவன் எண்டது பொய். அந்தப் பொய்யை அவளுக்குத்தான் சொன்னனான், ஊருக்கில்லை.”

மகள் தலையாட்டினாள். “சரி பெரியம்மா, எடுத்துவிடுறன்.” மடிக்கணினியை மூடினாள்.

“அதுக்கு அவள் பதில் அனுப்பினவள்,” என்றார் அக்கா. “என்ர பழைய போன் பழுதாகி எல்லாம் அழிஞ்சு போச்சுது. உங்களிட்டை இருக்கோ?”

ஜெயாவின் போனை நான் எங்கும் விட்டுவிட்டுப் போவதில்லை. அவளுடைய குரலை மட்டும் மகளும் நானும் இந்த மூன்று வருடத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை. பெரியம்மாவின் குரலை எடுத்ததே அதனால்தான் என்று மகள் அப்போதுதான் சொன்னாள். நான் பதிலைத் தேடி அழுத்தினேன்.

“வா, வா. அவசரமில்லை. வரேக்கை அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வராதை, உனக்கு வடிவில்லை.” பிறகு சிரிப்பு. பதினொரு செக்கன்கள்.

அக்காவும் சிரித்துவிட்டார். “எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் சொல்லியிருக்கிறாள், கள்ளி.” கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம், “என்ரையை எடுத்துப்போட்டு அவளின்ரையைப் போடு,” என்றார்.

மகள் படிவத்தைப் புரட்டினாள். குரலுக்கு உரியவர் இறந்திருந்தால் கணவர் அல்லது மனைவி கையெழுத்திட வேண்டும். பேனை என் பக்கம் வந்தது.

“யோசிச்சுச் சொல்லுறன்,” என்றேன்.

“ஓம், ஆறுதலா யோசியுங்கோ தம்பி. எனக்கெண்டால் லசானியா தொண்டையாலை இறங்க முந்திப் பேனையை நீட்டினீங்கள்.”

சனிக்கிழமை, காலை 9.05. தனியே புறப்பட்டேன். பஸ், சுரங்க ரயில், பிறகு ஸ்ட்ரீட்கார்: மூன்றுக்கும் சேர்த்து 3 டொலர் 30 சதம். பார்க்டேலுக்கு ஒன்றரை மணித்தியாலம். அங்கிருந்து ஏரிக்கரைக்கு நடந்தேன். மறுகரை தெரியாத நீர். உப்பு மணம் இல்லாததால் கடல் என்று ஏமாற முடியாது. ஒரு மரவாங்கில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, அந்தப் பதினொரு செக்கன்களை நான்கு தடவை கேட்டேன்.

மூன்றாம் தடவைதான் கவனித்தேன். சிரிப்புக்குப் பின்னால், அறையின் மறுமூலையிலிருந்து ஓர் ஆண்குரல்: “டொக்டர் நல்லமெண்டு சொன்னவர்.” அது நான். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னதை நடைபாதையில் வைத்துக் கேட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து சொன்ன வசனம் அது. அவள் நம்பினாள் என்றே இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன்.

மாலையில் அந்த இடத்தை மகளுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் காதில் அது முதலிலேயே பட்டிருந்தது.

“அதை வெட்டேலும், அப்பா. லேசு. ஒருத்தருக்கும் தெரியாது.”

“அம்மாவின்ரை சிரிப்பு?”

“அதிலையும் கொஞ்சம் போகும். ரெண்டும் ஒண்டுக்கு மேலை ஒண்டு கிடக்குது.”

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4.30. விமான நிலையம். றீற்றா அக்கா உள்வாசல் வரை வந்தார். நான் இன்னும் கையெழுத்திடவில்லை என்பது அவருக்குத் தெரியும், கேட்கவில்லை. “போயிட்டு வாங்கோ தம்பி. வேண்டாமெண்டால் வேண்டாம். பாட்டு இன்னும் எட்டு இருக்குத்தானே,” என்றார்.

பலேர்மோவில் என்றால் இந்த நேரம் இரவு பத்தரை. எங்கள் வீட்டில் மூன்று வருடமாக அந்த நேரத்தில் சத்தம் இராது. மகள் காதில் மாட்டிக்கொண்டுதான் பாட்டுக் கேட்பாள். எனக்காகவா என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கேற்றில், ஏறுவதற்கு இருபது நிமிடம் இருக்கையில், படிவத்தை முழங்காலில் வைத்தேன். முதல் பெட்டியில் ஜெயாவின் பெயரை எழுதி, கணவர் என்ற இடத்தில் கையெழுத்திட்டேன். பிறகு மகளிடம் இன்னொரு படிவம் கேட்டேன்.

“எதுக்கு, அப்பா?”

“ரெண்டாவது குரலுக்கு.”