பிரசங்கம் நடக்கும் காடு

எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் நான் நாள்தோறும் கண்ட காவலர் அவர். படகுத்துறைக்குச் செல்லும் வழியில் அவர் காவல் காத்த, தனியார் ஒருவருக்கு உரிய புதர்க்காடு இருந்தது. உள்ளே நாகங்களும், கொடி படர்ந்து மறைந்த பாழ்ங்கிணறும் இருந்தன. ஆயினும் குறுக்குவழி என்று மக்கள் அதனுள்ளேதான் நுழைவர். பாம்பு உண்டென்று அவர் எச்சரித்தபோது, பாம்பைக் காணக் கூட்டம் கூடியதாம்.

மெலிந்த உடல், மடித்துக் கட்டிய வேட்டி, மழையில்லாத நாளிலும் விரித்த குடை. வருவோரிடமெல்லாம் பணிவோடு சொல்வார்: "உள்ளே பிரசங்கம் நடக்குது சேட்டா. முன்வரிசையில ஆளில்ல. வரீங்களா?" கேட்டவர்கள் உடனே சுற்றுவழியில் விரைந்துவிடுவர்.

ஒருநாள் என்னிடமும் அதையே சொன்னார். நான் மகிழ்ந்து, செருப்பை வாயிலில் கழற்றிவிட்டு உள்ளே நடந்தேன். கிணற்றின் விளிம்பில் என் சட்டையைப் பற்றி இழுத்தார்.

"எந்தா சாரே இது. பிரசங்கம்னு கேட்டும் ஒருத்தர் உள்ளே வருவாரா?"

"தலைப்பைக் கேளாமல் வந்தது என் பிழைதான்" என்றேன்.

அன்றுமுதல் என்னைத் தொலைவில் கண்டாலே குடையை உயர்த்தி, "சாரே, இன்னைக்குப் பிரசங்கம் இல்ல" என்று கூவுவார். அதைக் கேட்ட மற்றவர்கள் நிம்மதியாகக் காட்டுக்குள் நுழைவர். அவர்களைத் தடுக்க அவரே ஓடுவார்.

கிணறு இருப்பதைக் கண்ணால் கண்டபின்னும் நான் உள்ளே போவேன் என்று அவர் ஏன் அத்தனை உறுதியாக நம்பினார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.