அனுசூயாவின் பிரெஞ்சு

அனுசூயா புரசைவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். மாட்டைத் தெருவில் பார்த்ததோடு சரி. அறுபத்தொன்பதில், பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றில் எஞ்சினியர் வேலை கிடைத்த கணவன் சண்முகவேலோடு மாண்ட்ரியலுக்கு வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடியில் குடியேறினாள்.

அவனுடைய அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம்தான். வீட்டுக்காரியோடும் கடைக்காரரோடும் பிரெஞ்சில் பேச வேண்டியவள் அவள். வகுப்புக்குப் போகிறேன் என்றபோது, "அதெல்லாம் எதுக்கு?" என்று முடித்துவிட்டான்.

ஞாயிறு மதியம் டிவியில் கிராமங்களைப் பற்றிய பிரெஞ்சு நிகழ்ச்சி ஒன்று வரும். பால் பண்ணை, ஆப்பிள் தோட்டம், வைக்கோல் கட்டுகிற இயந்திரம். பேசுகிற பொருளே திரையில் தெரிந்ததால் அவளுக்குப் புரிந்தது. கேட்ட சொல்லையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தாள். மூன்றாம் வருஷம் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரியிடம் தானே சண்டை போட்டாள்.

அந்த வசந்தத்தில் சண்முகவேலின் பிரெஞ்சுக்கார மேலாளர் மனைவியோடு விருந்துக்கு வந்தார். மனைவி நிறைமாதம். "என் வொய்ஃப் பிரெஞ்சு பேசுவா," என்று சண்முகவேல் பெருமையடித்தான். பிரசவம் எப்போது என்று அனுசூயா அன்பாகத்தான் கேட்டாள். நிகழ்ச்சியில் கேட்ட 'வெலே' என்ற சொல்லைப் போட்டாள். அது மாடு கன்று ஈனுவதற்கான சொல்.

மேலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் மனைவி தட்டைத் தள்ளி வைத்தாள். விஷயம் விளங்கியதும் சண்முகவேலும் சிரித்தான்.

அதோடு விட்டிருக்கலாம். டாக்டர்களும் பேராசிரியர்களும் கூடுகிற ஒவ்வொரு தமிழ் வீட்டிலும், "அனு, அந்த மாட்டு பிரெஞ்சைச் சொல்லிக் காட்டு," என்பான். அவள் மறுத்தால் தானே சொல்லி, கடைசியில் 'ம்மா' என்று கத்துவான்.

எழுபத்துமூணு கடைசியில் அவள் உண்டானாள். "நம்ம வீட்டுல ஆகஸ்ட்ல கன்னு போடப்போகுது," என்று அவன் எல்லோருக்கும் போன் செய்தான். அடுப்படியில் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் குழந்தை இறந்தே பிறந்தது.

செப்டம்பரில், இரண்டு மாத விடுப்பில் மதுரைக்குப் போய்விட்டுத் திரும்பிய டாக்டர் பாலகிருஷ்ணன் போன் செய்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

"என்னம்மா அனுசூயா, காளைக்கன்னா, கெடேரியா?"

"செத்துப்போச்சுங்க," என்று சொல்லி போனை வைத்தாள்.

மாலையில் கணவனிடம் சொன்னாள். "அவருக்குத் தெரியாதுல்ல, விடு," என்று அவன் பேப்பரைப் புரட்டினான்.

"நீங்கதான எல்லாருக்கும் சொன்னீங்க?"

"ஒரு ஜோக்கைக்கூடத் தாங்க முடியலைன்னா நான் என்ன பண்ண?"

அதற்குப் பிறகு அவள் அவனிடம் எதையும் கேட்கவில்லை. அடுத்த மாதம் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மேற்பார்வை பார்த்தவள் ஒரு பால் பண்ணைக்காரர் மகள். அனுசூயாவின் பிரெஞ்சைக் கேட்டு, எந்த ஊர்ப் பண்ணையில் இருந்தாய் என்று கேட்டாள். சிரிக்கவில்லை.

விருந்துகளுக்குச் சண்முகவேல் தனியாகப் போனான். எஞ்சினியர் பெண்டாட்டி ஏரோப்பிளேனுக்குத் தட்டு அடுக்குகிறாள் என்ற புதுக் கதை அவனுக்குக் கிடைத்திருந்தது. அதற்கும் நன்றாகவே சிரித்தார்கள்.