ஒரு நூல் குறைச்சல்

வண்டி வாசலுக்குள் நுழைந்ததும் அவர் ஓட்டி வந்தவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே பின்பக்கம் போவார். குனிந்து, அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு உருண்டையை உள்ளங்கையால் மூடிப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் உச்சுக் கொட்டுவார். ஆடாவிட்டால் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, அப்போதுதான் முகத்தைப் பார்த்து, "வாங்க, என்ன ஏத்தப் போறீங்க?" என்பார்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் டிரெய்லர்களை வாடகைக்கு விடுவது அவர் தொழில். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘செக்போஸ்ட்’. நேரில் மட்டும் கூடவே ஓர் அக்காவையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பெயர் அவர் காதுக்கு எட்டி ரொம்ப நாளாகிறது. வருத்தமில்லை. "பேர் வச்சவன் கைகாலோட சுத்தறான்ல, அது போதும்" என்பார்.

மொத்தம் மூன்று டிரெய்லர்கள். பெரியவன், நடுவுலவன், கடைக்குட்டி. பெரியவனில் இரண்டு பீரோக்களைப் படுக்க வைக்கலாம். கடைக்குட்டி தோட்டத்துக் குப்பைக்கும் பழைய மெத்தைக்கும் சரி. "நடுவுலவனைக் கூட்டிட்டுப் போனாங்க, நாலு மணியாச்சு, இன்னும் காணோம்" என்று அவர் போனில் சொல்வதைக் கேட்டு, போலீசுக்குச் சொல்லலாமா என்று பதறிய புது ஆட்கள் உண்டு.

இதற்கு முன் பதினெட்டு வருஷம் தையல். கணவரின் வெல்டிங் பட்டறையை ஒட்டிய காலி இடம் கைக்கு வந்தபோது ஊசியை வைத்துவிட்டு இதில் இறங்கினார். அளவு நாடா தொங்கிய கழுத்தில் இப்போது கிரீஸ் துணி தொங்குகிறது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை இரும்புக் கடையில் ‘ஒரு நூல்’ என்பார்கள். அதை முதல் தடவை கேட்டதும், "அப்ப நான் வேலையே மாறல" என்று சிரித்தாராம்.

சாலையில் முன்னால் ஏதாவது டிரெய்லர் போனால் அவரால் சும்மா உட்கார முடியாது. கணவரை நெருங்கி ஓட்டச் சொல்லி, அதை வண்டியோடு பிணைக்கும் காவல் சங்கிலிகளை எண்ணுவார். இரண்டுக்கு ஒன்றுதான் இருந்தால், சிக்னலில் கண்ணாடியை இறக்கி, "தம்பி, இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டுவிடுவார். கணவர் அப்போதெல்லாம் இந்த அம்மாள் யாரோ, நான் யாரோ என்கிற மாதிரி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவரையும் ஒரு காலை யோசிக்க வைத்துவிட்டது. வந்தவர் அவருடைய சொந்த அக்காவின் கணவர்.

அத்தான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி, ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றவர். அவருக்கும் செக்போஸ்ட் வீட்டுக்கும் இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. காரணம் செக்போஸ்ட் வீட்டில் மாட்டிய ஒரு குடும்பப் போட்டோ. சட்டம் போட்டவன் ஓரத்தை வெட்டியதில் அத்தானின் தலையில் பாதி போய்விட்டது. வேண்டுமென்றே செய்ததாக அவர் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு வருஷமும் அக்கா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில்தான் தங்கைக்குப் போன் பண்ணினார். மூன்று மாதத்துக்கு முன்புதான் எல்லாம் சரியாகி, மறுபடி போக்குவரத்து தொடங்கியிருந்தது.

அத்தானின் மகள் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளிப் புது வீட்டுக்குக் குடி போகிறாள். சாமான் கொண்டுபோக நடுவுலவன் வேண்டும் என்றார். முந்தின நாள் செக்போஸ்ட் வெளியே போயிருந்த நேரத்தில் வந்து, தாமே மாட்டிக்கொண்டு போனார். உருண்டையும் அது பொருந்திய இரும்புத் தண்டும் அவரே கடையில் வாங்கியவை. மறுநாள் காலை பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மரக்கட்டில் எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டி, போகிற வழியில் சொல்லிக்கொண்டு போக வாசலில் நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் அக்கா, மடியில் டேபிள் ஃபேன்.

செக்போஸ்ட் வழக்கம்போலப் பின்பக்கம் போனார். டிரெய்லரின் மூக்கில் கவிழ்த்த கிண்ணம் போல ஒன்று இருக்கும். அது உருண்டையின் மேல் உட்கார்ந்து கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வியிருந்தது. பூட்டும் விழுந்திருந்தது. ஆனால் கிண்ணத்துக்கும் உருண்டைக்கும் நடுவில் அவருடைய கட்டைவிரல் நகம் தாராளமாக நுழைந்தது. கிண்ணம் இரண்டு அங்குலத்துக்கானது. உருண்டை அதைவிடச் சிறியது.

பட்டறை வாசலில் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்ற கணவர் வேண்டாம் என்று தலையசைத்தார். இப்போதுதானே பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள். செக்போஸ்டுக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. போகிற வழியில் நீளமான பாலம் ஒன்று உண்டு; காற்று குறுக்கே அடிக்கும். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டால் போதும், கிண்ணம் கழன்றுவிடும். முன் சீட்டில் அக்கா ஃபேனின் ஒயரை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பேச ஆள் இருக்க வேண்டுமே என்று தோன்றியது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவிக்கொண்டார்.

அத்தான் இறங்கிவந்தார். முகம் சிவந்திருந்தது.

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன்கிட்ட சாவியைப் பிடுங்கறியா நீ?"

"பஸ் ஓட்டினீங்க அத்தான், யார் இல்லன்னது? பஸ்ஸுக்குப் பின்னாடி இன்னொரு பஸ்ஸைக் கட்டி ஓட்டலயே."

ரெண்டு தெரு தாண்டி இங்கே வரைக்கும் ஒழுங்காகத்தானே வந்தது என்றார் அவர். செக்போஸ்ட் வாதாடவில்லை. டிரெய்லரின் மூக்கில் இருந்த ஜாக்கியைத் தரையில் ஊன்றி, அதன் கைப்பிடியை அவரிடம் காட்டினார்.

"நீங்களே சுத்துங்க. சரியா மாட்டியிருந்தா காரோட பின்பக்கமும் சேர்ந்து தூக்கும். தூக்கிச்சுன்னா சாவியையும் குடுத்து, அக்கா முன்னாடி மன்னிப்பும் கேக்கறேன்."

அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுற்றினார். மூக்கு மெல்ல எழுந்தது. கார் அசையவில்லை. இன்னும் இரண்டு சுற்று. ‘டொக்’ என்று ஒரு சத்தம். பூட்டு போட்டது போட்டபடி இருக்க, கிண்ணம் மட்டும் கழன்று மேலே வந்துவிட்டது. கீழே உருண்டை புத்தம் புதிதாகப் பளபளத்தது. அக்கா பக்கக் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, உருண்டையின் தலையில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"ஒரு நூல் குறைச்சல்" என்றார், கம்மிய குரலில்.

"எழுத்தை இத்துனூண்டு போட்டா யாருக்குத் தெரியும்? நானே பூதக்கண்ணாடி வச்சிருக்கேன்" என்றார் செக்போஸ்ட். அவரிடம் அப்படி ஒன்றும் இல்லை.

கணவர் சரியான உருண்டை உள்ள தண்டைக் கொண்டுவந்தார். அத்தான் வாங்கியதை உருவி, இதைச் சொருகி, குறுக்கே இரும்புப் பின்னைப் போட்டு, அதன் நுனியில் கிளிப்பை மாட்டினார். இம்முறை ஜாக்கியைச் சுற்றியதும் காரும் கூடவே எழுந்தது. நேராகத் தொங்கிய சங்கிலிகள் இரண்டையும் செக்போஸ்ட் கழற்றி, அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்கே மாட்டினார். எது கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் தொட்டிலில் விழுந்தது போல அதில் விழும்.

பாக்கி இருந்தது பிரிட்ஜ். முதலில் இறக்க வசதியாக அதை வாலோரம் ஏற்றியிருந்தார் அத்தான். செக்போஸ்ட் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் கூட்டம் முழுக்கப் பின்சீட்டுப் பக்கம் அடைந்துகொண்டால் எப்படி ஓடும் என்று சந்தேகம் கேட்டார். அத்தானுக்குக் குரல் திரும்பியது. வால் இழுக்கும், முன்சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது, நான் கண்டக்டரிடம் சொல்லி எல்லாரையும் முன்னால் தள்ளச் சொல்வேன் என்று கை வீசி விளக்கிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார். பிரிட்ஜைப் பார்த்தார். பிறகு தாமே கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிரெய்லரின் சக்கரத்துக்கு முன்னால் போயின, கட்டில் பின்னால் வந்தது. அந்த ஏற்பாடு முழுக்க அவர் உத்தரவுப்படிதான் நடந்தது. செக்போஸ்டும் கணவரும் தலையாட்டிக்கொண்டே தூக்கினார்கள்.

சாவி கை மாறியது. அத்தான் ஏறி உட்கார்ந்தார். அக்கா மட்டும் ஃபேனுக்கு மேலாகக் கையை நீட்டித் தங்கையின் கன்னத்தைத் தட்டினார். கார் வாசலைத் தாண்டி, ரோட்டில் ஐம்பதடி போனதும் ஓரமாக நின்றது. கதவு திறந்தது. அத்தான் இறங்கி, இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு டிரெய்லரின் மூக்கருகே குனிந்தார்.

செக்போஸ்ட் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த கயிற்றைப் பிரித்து மறுபடி சுருட்ட ஆரம்பித்தார்.