எலுமிச்சம்பழத்தை நசுக்காத வண்டி

செயின் லோடரை ஓட்டிக் காட்டி விற்கிற தொழிலில் ஆபரேட்டருக்கு இரண்டே வேலைதான்: தன் வண்டியைக் குலுங்காமல் ஓட்ட வேண்டும், எதிர் கம்பெனி வண்டியைப் பார்த்து வயிறு எரியாமல் இருக்க வேண்டும். முதல் வேலை எனக்கு நன்றாகவே வந்தது.

மிக்ஸி, பம்புசெட், டிராக்டர் என்று எதையாவது நாலு பேர் நடுவில் ஓட்டிக் காட்டிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாம் உயிரைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருப்போம். வாங்க வந்தவர் கண் மெல்ல நழுவிப் பக்கத்துக் கடைக்குப் போகும். அப்போது அடிவயிற்றில் சுருக்கென்று ஒன்று பிடிக்குமே, அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன அடுத்த வருஷம் அது. மரக்காணத்துப் பக்கம் ஒரு குப்பத்துக்குப் புது வீடுகள் கட்டும் வேலையை ஏழுமலை என்கிற கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். பூராவும் மணல் தரை. பெரிய பொக்லைன் வந்தால் சந்தில் திரும்பாது. டிராக்டர் வந்தால் சக்கரம் புதைந்துவிடும். அதனால் சக்கரத்துக்குப் பதில் செயின் போட்ட, மண் அள்ளும் குட்டி லோடர் ஒன்று வாங்கலாம் என்று இரண்டு கம்பெனி வண்டிகளையும் ஒரே வாரத்தில் வரச்சொல்லிவிட்டார். வெள்ளை வண்டியோடு நான் போனேன், என் வீடும் அந்தப் பக்கம்தான். சிவப்பு வண்டியோடு ஆரோக்கியம் வந்தான். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவன். நேரில் அண்ணே, மனசுக்குள் அவன்.

புதுச்சேரி ஷோரூமில் இருந்து கிளம்பும்போதே என் முதலாளி சொல்லிவிட்டார்: "வண்டி வித்துச்சுன்னா அங்கயே உன்னை ஆபரேட்டரா வெச்சுக்கச் சொல்றேன் சேகர். விக்கலைன்னா, வண்டியை டிரெய்லர்ல ஏத்தி இங்க அனுப்பு. நீ ஏற வேணாம், நேரா வீட்டுக்குப் போயிடு."

எவர்சில்வர் டம்ளர்

ஏழுமலையின் மனைவி பச்சையம்மாள்தான் சைட்டுக்கு டீ கொண்டுவருவார். முதல் நாள் எனக்கும் ஆரோக்கியத்துக்கும் ஒரே மாதிரி பேப்பர் கப். அவன் கப்பை வாங்கும்போதே "அக்கா, இஞ்சி தட்டிப் போட்டீங்களா, வாசனை கழுவெளி ஏரி வரைக்கும் போகுதே" என்றான். மறுநாள் அவனுக்கு எவர்சில்வர் டம்ளர் வந்தது. அதற்கு மறுநாள் டம்ளரோடு முறுக்கும் வந்தது. எனக்கு அதே பேப்பர் கப்.

டீ குடித்துக்கொண்டே அவன் கதை சொல்வான். கல்பாக்கத்துப் பக்கம் சேற்றில் சிக்கின வண்டியை எப்படித் தூக்கினான், எந்த ஊரில் எந்த மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு லோடர் பக்கெட்டில் நின்று வந்தார் என்றெல்லாம். வேலை செய்கிற ஆட்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் தாத்தா சொன்ன கதைகளில் எப்போதும் இரண்டு ராணிகள் இருப்பார்கள். இளையவள் சிரிப்பாள், மூத்தவள் உப்பரிகையில் நின்று பொருமுவாள். சின்ன வயசில் எனக்கு மூத்தவளைப் பிடிக்காது. அன்றைக்கு வெள்ளை வண்டியின் சீட்டில் உட்கார்ந்து அந்த முறுக்கைப் பார்த்தபோதுதான், பாவம், அவள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று தோன்றியது.

நான் பார்ப்பதை ஆரோக்கியம் பார்த்துவிட்டான். எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னான்: "அக்கா, அந்த வெள்ளை வண்டிக்கும் ரெண்டு முறுக்கு குடுங்க. பாவம், வாயில்லாப் புள்ள."

டிப்பர்

இரண்டு பேரும் ஆளுக்கொரு டிப்பர் மணல் ஏற்ற வேண்டும் என்றார் ஏழுமலை. என் வண்டி வழுக்கிக்கொண்டு போனது, ஒரு பிடி மணல் கீழே சிந்தவில்லை. ஆனால் சிவப்பு வண்டியின் பக்கெட் நேராக மேலே எழும்பி டிப்பரின் தலைக்கு மேல் போய் நின்றபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கே கை தட்டத் தோன்றியது. லிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று ஏழுமலை கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் நான் ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, இது ரப்பர் செயின். அகலம் ஜாஸ்தி. பாரம் பரவி எறங்கும், தரையை அழுத்தாது" என்று அழகாகத் தொடங்கினேன். பக்கத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதைக் குவித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். நான் இன்னொரு முறை சொன்னேன். இன்னொரு அடி வந்தார். அதற்குள் ஆரோக்கியம் தன் வண்டிச் செயினை ஸ்பேனரால் டங்கென்று ஒரு தட்டுத் தட்டி, "இரும்புண்ணே!" என்றான். அவ்வளவுதான் அவன் விளக்கம். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ஏழுமலை என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்பா, உன் வண்டி போடுற சத்தத்துல பாதியாச்சும் நீ போடக் கூடாதா?"

பழைய டயர்

கட்டுமானம் ஈசிஆர் ரோட்டுக்குக் கிழக்கே. நிரப்புவதற்கு மண் கொட்டி வைத்திருந்தது மேற்கே, உப்பளத்தை ஒட்டி. வண்டி தினமும் ரோட்டைத் தாண்டி வர வேண்டும். என் ரப்பர் செயின் தாரில் ஒரு கீறல் போடாமல் தாண்டியது. இரும்புச் செயின் தாண்டினால் தார் பெயர்ந்து வரும், போலீசும் வரும். இந்த ஒரு இடத்தில் நான் ஜெயித்தேன் என்று சீட்டில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆரோக்கியம் அசரவில்லை. பஞ்சர் கடையில் இருந்து பழைய லாரி டயர்களை உருட்டிவந்து ரோட்டில் வரிசையாகப் போட்டான். வண்டி அதன் மேல் ஏறி ஏறி வர, பின்னால் காலியான டயரை எடுத்து முன்னால் போட ஒரு ஆள் வேண்டும். எல்லாரும் வேடிக்கை பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள். கிட்டத்தில் சும்மா நின்றவன் நான் ஒருத்தன்தான். "தம்பி, அதைக் கொஞ்சம் முன்னால தள்ளேன்" என்றான். என்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. ஜன்னல் வழியே தலைகள் நீண்டன. அவன் மேலே ராஜா மாதிரி வர, நான் குனிந்து குனிந்து அவனுக்கு டயர் போட்டேன். விசில் அவனுக்கு, கரி எனக்கு.

ஆனால் ஏழுமலை கணக்குத் தெரிந்த மனுஷர். நின்றிருந்த பஸ்களைப் பார்த்தார், என் கறுத்த கையைப் பார்த்தார். "தெனமும் டயர் தூக்க எனக்கு ஆள் எங்க இருக்குது? வெள்ளையே இருக்கட்டும்."

பழம்

வெள்ளிக்கிழமை காலையில் பூஜை. வண்டிக்கு மஞ்சள், குங்குமம், பக்கெட்டில் மாலை. சாதாரண வண்டி என்றால் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். இதற்குச் செயின் இரண்டு என்பதால் இரண்டு பழம் போதும் என்று மேஸ்திரி தீர்ப்புச் சொன்னார். பச்சையம்மாள் முதல் பழத்தை என் கையில் கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை, நிரந்தரமான சீட்டு, எல்லாம் அந்தப் பழத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

நான் குனிந்து மணலில் பழத்தை வைக்கும்போது ஆரோக்கியம் கிட்டே வந்தான். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி, "டேய், ஒரு பலகை போட்டு அது மேல வைடா" என்றான். தோற்றவன் வந்து எனக்குப் பாடம் சொல்வதா? கேட்காத மாதிரி ஏறி உட்கார்ந்தேன். முன்னால் ஓட்டினேன். இறங்கிப் பார்த்தால் பழம் மணலுக்குள் போய், லட்டு மாதிரி மணலைச் சுற்றிக்கொண்டு, முழுசாக இருந்தது. பின்னால் வந்தேன். முழுசாக இருந்தது. மறுபடியும் முன்னால் போனேன். நான் ஒரு வாரமாகச் சொல்லி யார் காதிலும் விழாததை வண்டியே எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தது: பாரம் பரவி இறங்கும், தரையை அழுத்தாது.

பச்சையம்மாள் முகம் மாறிவிட்டது. இன்னொரு பழத்தைச் சிவப்பு வண்டிக்கு முன்னால் வைக்கச் சொன்னார். இரும்புப் பல் ஏறின உடனே சாறு தெறித்தது. கையோடு மாலையைக் கழற்றி அங்கே போட்டுவிட்டார். ரோடு, டயர், போலீஸ் என்று ஏழுமலை ஏதோ முனகினார். அந்த அம்மாள் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "காவு வாங்காத வண்டி அப்புறம் மனுஷனை வாங்கும். டயர் தூக்க ஆள் நான் வெக்கிறேன்."

வேட்டியில் துடைத்தவர்

டிரெய்லருக்குப் போன் செய்துவிட்டு, மஞ்சள் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வண்டியைச் சுற்றி ஒரே கொண்டாட்டம். அப்போது ஒரு பெரியவர் மணலில் கையை விட்டு அந்தப் பழத்தைத் தோண்டி எடுத்தார். கன்னியப்பன், ரோட்டுக்கு மேற்கே உள்ள உப்பளத்துக்காரர், பூஜைக்கு வந்தவர். பழத்தை வேட்டியில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

அவர் பாத்திகளில் கடல் கொண்டுவந்து போட்ட மணல் இன்னும் அப்படியே கிடந்தது. அந்தப் பாத்தித் தரையை ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுக்கி வைத்திருப்பார்கள். அதன் மேல்தான் உப்பு விளையும். தரை உடைந்தால் அடிச்சேறு மேலே வந்து உப்பு கறுத்துப்போகும். அதனால் எந்த வண்டியையும் அவர் வரப்புக்குள் விட்டதில்லை. அந்தப் பழத்தைப் பார்த்த பிறகு என்னை ஒரே ஒரு பாத்தியில் இறக்கி மேல்மணலை வழிக்கச் சொன்னார். நான் வழித்து முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, செயின் போன தடத்தின் மேலேயே குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தார். கடைசி வரப்பு வரை போய்த் திரும்பி வந்தார்.

வந்து நின்று, மடியில் இருந்த பழத்தை எடுத்துக் காட்டினார்: "இதையே ஒண்ணும் பண்ணாத வண்டி என் பாத்தியை என்னா பண்ணிடப்போவுது? ஏத்தி அனுப்பாத, இது இங்கயே இருக்கட்டும்."

சீட்டு

இரண்டு வண்டியும் விற்றுவிட்டன. இனி என்ன, வெள்ளை வண்டியில் நான், சிவப்பில் அவன், நடுவில் ஈசிஆர் ரோடு. இப்படித்தான் நானும் நினைத்தேன். ஆபரேட்டர் பேச்சு வந்தபோது கன்னியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ள தங்கமாத்தான் ஓட்டுது. ஆனா காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் அந்த வெயில்ல எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணுமே" என்று இழுத்தார். அதைக் கேட்டதும் ஏழுமலை முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்போ ஆரோக்கியத்தை நீங்களே கூட்டிக்கினு போங்க. அவன் வாயைத் தொறந்தா என் ஆளுங்க மண்வெட்டியைக் கீழ வெச்சிடுறானுங்க. சேகரு, நீ செவப்புல ஏறு. நீ இருந்தா வேலை நடக்கும்" என்றார். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் பதில் அவர்கள் காதில் விழுந்திருக்காது.

முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவதா, திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு கேட்டார்: "வண்டி வித்துடுச்சு, சரி. நீ ஏன்டா அவனுங்க வண்டியில உக்காந்திருக்க?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

வேலை வீட்டுப் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது. எவர்சில்வர் டம்ளர் எனக்கு வந்தது. முறுக்கும் வந்தது. டயர் தூக்க எனக்கென்று ஒரு ஆள் இருந்தான். ஆசைப்பட்டு ஏங்கின சிவப்பு வண்டியின் பக்கெட் என் கையால் நேராக மேலே எழும்பி டிப்பர் தலைக்கு மேல் போய் நின்றது. அப்படி நிற்கும்போதெல்லாம் அந்த உயரத்துக்கு அடியில் எனக்கு ரோடும், ரோட்டைத் தாண்டி உப்பளமும் தெரியும். வெயிலில் பளபளக்கிற பாத்தி நடுவில் என் வெள்ளை வண்டி, இங்கே சத்தமே கேட்காமல், தண்ணீரில் வாத்து போவது போலப் போய்க்கொண்டிருக்கும். மேலே அவன். பக்கத்தில் குடையோடு நடக்கும் கன்னியப்பன் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்.

உப்புத் தண்ணீர் பட்ட வண்டியைச் சாயங்காலம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் செயினைத் தாங்கும் ரோலர் துருப்பிடித்துவிடும். கழுவுகிறானா என்று பார்க்கவே தினமும் வேலை முடிந்து ரோட்டைத் தாண்டிப் போவேன். ஒருநாள் பாதி வழியில் ஆரோக்கியமே எதிரே வந்தான். கையில் கிரீஸ் கன். முகம் ஒரு மாதிரி கடுகடுவென்று இருந்தது. எங்கே போறீங்கண்ணே என்று கேட்டேன். என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னான்: "என் வண்டியைப் பார்க்கப் போறேன்டா. நீ மத்தியானம் திருப்பும்போது இடது செயின்ல ஒரு சத்தம் கேட்டுச்சு, இங்க எனக்கு வயிறு பத்திக்கினு எரிஞ்சுது."

அதற்கப்புறம் எத்தனையோ வண்டி ஓட்டிவிட்டேன், ஆனாலும் நான் பார்த்ததிலேயே நல்ல வண்டி எதுவென்று கேட்டால், அடுத்தவன் சீட்டில் நான் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் இருந்து பார்த்த என் வண்டிதான்.