செகப்பு லைட்டும் ஒரு தட்டு சூடமும்

ஜெபதாஸ் கான்ஸ்டபிளைப் பத்தி என்னைக் கேளு. திருப்பதி நாலு ரோட்டு முனையில அவரு நிப்பாரு, பக்கத்துல நான் தேங்காயும் சூடமும் வித்துக்கினு இருப்பேன். ரத்தினம்மான்னா அங்க தெரியாத ஆள் கிடையாது.

எல்லையைப் பிரிச்சு திருத்தணி மெட்ராசுக்குப் போயி, எங்க சொந்த ஊரு சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்த வருசம். முனையில புதுசா ஒரு கம்பம் நட்டாங்க. மேல செகப்பு லைட்டு, பச்சை லைட்டு. கீழ சுவிட்சைத் திருப்பறது ஜெபதாஸ் வேலை. பஸ்சு, ஜட்கா எல்லாம் ஒழுங்கா நின்னுச்சு. புரட்டாசி சனிக்கிழமை வந்துச்சு பாரு, பஜனை கோஷ்டிங்க. மஞ்சத் துணியில காணிக்கை முடிஞ்சிக்கினு கிளம்பினா, மலையேறற வரைக்கும் நடுவுல நிக்கமாட்டாங்களாம். செகப்பாவது, பச்சையாவது. ஒரு கோஷ்டி போறதுக்குள்ள இன்னொண்ணு வந்துடும், குறுக்கு ரோடு அப்படியே அடைச்சிக்கும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின ஒரு பொண்ணு அதுல மாட்டிக்கினு ஜட்காவிலேயே பெத்துட்டா, பாவம்.

அதைப் பார்த்ததுலேருந்து ஜெபதாசுக்குச் சோறு இறங்கல. அவரு சம்சாரம் கிருபாவதிக்கு நிறைமாசம். வீடு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்.

"அக்கா, இவங்க எதுக்குத்தான் நிப்பாங்க?"ன்னாரு.

"ஆரத்தி காட்டினா நிப்பாங்க, போய்யா"ன்னேன், எரிச்சல்ல.

சர்ச்சுக்குப் போற மனுசன், அன்னிக்கே கம்பத்துல பெருமாள் படத்தை மாட்டி மாலையும் போட்டுட்டாரு. "நான் செகப்பு போட்டதும் நீங்க சூடம் ஏத்துங்கக்கா."

அடுத்த சனிக்கிழமை செகப்பு விழுந்துச்சு, சூடத்தைக் கொளுத்தி மணியடிச்சேன். கோஷ்டி மொத்தமும் நின்னு கன்னத்துல போட்டுக்கிச்சு. குறுக்கு ரோடு கடகடன்னு காலியாச்சு.

மத்தியானம் கிருபாவதியோட ஜட்கா வந்துச்சு. முன்னாடி ஒரு மாட்டு வண்டி, நகரவே மாட்டேங்குது. தட்டுல சூடம் அணையப் போவுது, கோஷ்டி கிளம்பப் பார்க்குறாங்க. வியாபாரம் நாசமாப் போவட்டும்னு கூடையில இருந்த அத்தனை சூடத்தையும் கொட்டினேன். குப்புன்னு எரிஞ்சுது. அவங்க "கோவிந்தா"ன்னு கத்த, கிருபாவதி "இயேசுவே"ன்னு கத்த, ஜட்கா முனையைத் தாண்டிடுச்சு.

"சுவிட்சைப் பார்த்துக்கங்கக்கா"ன்னு ஜெபதாஸ் பின்னாலயே ஓடிட்டாரு. அதைத் தொடவே எனக்குப் பயம். வேற ஆள் யாரு இருக்காங்க? தொட்டேன். திருப்பினேன். கொஞ்ச நேரத்துல கை பழகிடுச்சு, என்னா குஷி தெரியுமா.

ஜட்காக்காரன் திரும்பி வந்து சேதி சொல்லிட்டுப் போனான். அவன் பின்னாலயே இன்ஸ்பெக்டர் ஜீப்பு. செகப்பு போட்டேன்.

"ஜெபதாசு எக்கடம்மா?"ன்னு அவரு கத்தினாரு.

"பொண்ணு பொறந்துருக்கு சாரு, பார்க்கப் போயிருக்காரு. நீங்க பச்சை விழற வரைக்கும் நில்லுங்க."

நின்னாரு.