என் முதல் செய்தியில் இறந்தவர்

முட்டாள்தனத்திலும் அவசரம் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஜெராக்ஸ் கடையில். என் முதல் செய்தி அச்சான அன்று, கடை திறக்கும்வரை வாசலிலேயே காத்திருந்து, ஒன்பதரை மணிக்கு அதை லேமினேட் செய்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு அந்தச் செய்தி பொய் என்று தெரிந்தது. லேமினேட் செய்ததை உரிக்க முடியாது. முயன்று பார்த்திருக்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பு விடுமுறை அது. காஞ்சிபுரத்தில் ஒரு நாளிதழ் அலுவலகம் கோடையில் நாலு வாரம் பள்ளி மாணவர்களை நிருபர்களாகச் சேர்த்துக்கொள்ளும். கழுத்தில் ஒரு அட்டை, கையில் ஒரு நோட்டு. அட்டையை நான் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை.

இரண்டாவது வாரம், செவிலிமேட்டில் ஒரு மதியம், பூக்கூடையோடு மொபெட்டில் வந்த ஒருவரை வேன் இடித்துவிட்டது. நான் போனபோது தார்ச்சாலையெங்கும் மல்லிகை. அவர் அசையாமல் கிடந்தார், முகத்தின்மேல் துண்டு. வெயிலுக்காக யாரோ நனைத்துப் போட்ட துண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் நான் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்: ‘மல்லிகை நடுவே மரணம்’. கூட்டத்தில் பெயரும் ஊரும் கேட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆபீசுக்கு ஓடினேன்.

“ஆஸ்பத்திரில கேட்டியாபா?” என்றார் பொறுப்பாசிரியர்.

“கேட்டேன் சார்.”

கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் அவரைச் சென்னைக்குக் கொண்டுபோயிருந்தது. போன் நொறுங்கியதால் வீட்டுக்குத் தகவல் இல்லை. மறுநாள் காலை, அவர் ஊரான கூரத்தில், டீக்கடையில் யாரோ என் செய்தியை உரக்கப் படித்தார்கள். அவர் மனைவியின் பொட்டை அண்ணிக்காரி அழுதுகொண்டே அழித்துவிட்டார். மதியம் சென்னையிலிருந்து போன்: கால் இரண்டும் முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை.

மன்னிப்புக் கேட்கப் பொறுப்பாசிரியர் என்னைப் பைக்கில் கூட்டிப்போனார். பேசியதெல்லாம் அவர்தான். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். அந்தம்மா வெறும் நெற்றியோடு என் ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் தேறி வந்தார். இப்போது இருவரும் கோயில் தெருவில் பூ விற்கிறார்கள். அந்தம்மா பொட்டும் வைப்பதில்லை, பூவும் வைப்பதில்லை. கல்யாணப் பட்டு எடுக்கக் காரில் வருகிறவர்கள் அந்த நெற்றியைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

யாரோ போலக் கணவரிடம் ஒருமுறை காரணம் விசாரித்தேன்.

“அத்த ஏன் கேக்குற! நான் செத்துட்டன்னு பேப்பர்ல போட்டுட்டானுங்கபா. எமனும் படிச்சிட்டு, வேல முடிஞ்சிச்சின்னு போய்ட்டானாம். இவ பொட்டு வெச்சா, ‘அடடே, இருக்குறானா’ன்னு திரும்பி வந்துடுவானாம்!”

அவர் சிரித்தார். நான் அவரைவிட உரக்கச் சிரித்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை. நாலு முழம் வாங்கினேன்.

பல வருடமாக வாங்கிக்கொண்டே இருக்கிறேன். கல்யாணமாகாதவன் வாரம் தவறாமல் நாலு முழம் மல்லியோடு வந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? அம்மா என் போனைச் சோதிக்க ஆரம்பித்தார். எனக்கோ மல்லிகை வாசம் வந்தால் கூடவே சுடும் தார் வாசமும் வருகிறது. கோடையில் பஸ் ஸ்டாண்டில் முகத்தில் துண்டு போட்டுத் தூங்குகிறவர்களைக் கடக்க முடிவதில்லை. வயிறு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். ஒருவர் சட்டென்று துண்டை விலக்கி, “இன்னாபா, பர்ஸா?” என்றார்.

இந்தக் கோடையில் அதே பயிற்சிக்கு, நிருபராகிவிட்ட என்னைப் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். எழுதுவதற்கு முன் கேளுங்கள், கேட்டதை மறுபடியும் கேளுங்கள் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், உங்க ஃபர்ஸ்ட் நியூஸ் என்ன சார்?”

“தேர்த் திருவிழாமா.”

அவள் நம்பி நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தப் பேனா நகர்ந்ததைப் பார்த்தபிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வகுப்பு முடிந்ததும் நேராகப் பூக்கடைக்குப் போனேன். கணவர் டீ குடிக்கப் போயிருந்தார். இந்த முறை தலையில் ஹெல்மெட் இல்லை.

“அம்மா, அன்னிக்கி அவரு செத்துட்டாருன்னு பேப்பர்ல எழுதனது நான்தாம்மா.”

அந்தம்மா கையிலிருந்த சரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும். எத்தினி மொழம்?”